பசியாவரம் படகில் அலறிய பெட்டி

பெட்டி திடீரென்று அலறியது.

படகில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் உறைந்து போனார்கள். ஒரு பெண் மடியில் இருந்த மீன்கூடையை நழுவவிட்டாள். எல்லோரையும்விட அதிகம் அதிர்ந்தவள் சாமுண்டீஸ்வரி. அந்தப் பெட்டியைச் செய்தவளே அவள்தான்...

கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டிலிருந்து சென்னைக்குப் போய் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள். கடைசி வருஷம். படகுக்குள் தண்ணீர் ஏறினால் கூவி எச்சரிக்கும் பெட்டி, அவள் கடைசிப் பரீட்சைக்காகச் செய்த வேலை. அந்த வருஷம், 1988-ல்தான், கல்லூரிக்கு வந்திருந்த கம்ப்யூட்டரில் சர்க்யூட்டை வரைந்து, ஓடவிட்டுப் பார்த்துத்தான் செய்திருந்தாள். ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவிடம் காட்டப் படகேறியவள், பாதி ஏரியில், சென்னையில் அதைச் செய்த கதையை எல்லோருக்கும் சொல்லி, ஆசை தாங்காமல் அதன் இரண்டு கம்பிகளையும் அடிப்பலகையில் வைத்தாள். பங்குனியில் யாரும் எதிர்பாராத தூறல் ஒன்று... உப்பேறிய பலகை லேசாக ஈரமானது. அவ்வளவுதான். படகுக்குள் ஒரு கை தண்ணீர்கூட இல்லை. பெட்டியோ வாயை மூடவில்லை.

படகெல்லாம் சிரிப்பு. கம்பிகளைப் பிடுங்கி எடுத்தாள். காது மடல் சுட்டது.

சிரிக்காதவன் ஒருவன்தான். கழி ஊன்றிக்கொண்டிருந்த படகுக்காரன். இமைகளில் மழைத்துளி தங்கியிருந்தது... அதன் கீழே கறுத்து ஆழ்ந்த கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தன. அதில்கூட அவளுக்கு ஏனோ கோபம் வந்தது.

"தூங்கறவன எழுப்புமா இது?" என்று கேட்டான்.

"செத்தவனையே எழுப்பும்" என்றாள் வெடுக்கென்று.

அவன் முகம் சட்டென்று இருண்டது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினான்.

"மெட்ராஸ் தண்ணி வேற, இது வேறம்மா. ஐப்பசி மழைல ஏரித் தண்ணியில உப்பே தெரியாது. இப்ப வாயில வெக்க முடியாது. ரேடியோல சத்தம் கொறைக்கத் திருகு இருக்குதே... அதுமாதிரி ஒண்ணு இதுல வெச்சா இன்னா?"

"காலேஜ்ல படிக்கிறது நானா, நீங்களா?"

அவன் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான். கரை வந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோதும் அந்தக் குரல் விடவில்லை. சர்க்யூட் படத்தில் தண்ணீருக்குப் பதிலாக அவள் ஒரு மின்தடையைப் போட்டிருந்தாள். சென்னைக் குழாய்த் தண்ணீரின் அளவு. அதை உப்புநீரின் அளவுக்கு மாற்றினாள். ஈரப் பலகைக்கே மணி அடிக்கும் என்றது திரை. எவ்வளவு தண்ணீருக்கு மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற நிலையான மின்தடையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் குறுக்கே அம்புக்குறி போட்ட மாறும் மின்தடையை, ரேடியோத் திருகுபோலத் திருகி அளவை மாற்றக்கூடியதை, வைத்தாள். அளவைக் குறைத்தாள்... ஈரத்துக்கு மணி நின்றது. தண்ணீர் நிறைந்தால் அடித்தது. மழைக்காலத்து நீருக்கு அளவைக் கூட்டினாள். அதற்கும் சரியாக அடித்தது.

சாமுண்டீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று ஆசிரியர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட படம். அதில் இல்லாததை, கழி ஊன்றுகிற ஒருவன் ஒரே பார்வையில் பார்த்துவிட்டான்...

யோசனை யாருடையது என்று அறிக்கையில் எழுதப்போனாள். பேனா நின்றது. பேரைக்கூடக் கேட்கவில்லையே.

சனிக்கிழமை படகுத்துறையில் நண்டு விற்ற சூசையம்மாளிடம் விசாரித்தாள். பேர் செங்கல்வராயன் என்றாள் சூசையம்மாள். கேட்காததையும் சொன்னாள். போன வருஷம் அவன் அண்ணன் வலை போட்டுவிட்டுப் படகிலேயே கண்ணயர்ந்தானாம். பலகை இணைப்பு விரிந்து தண்ணீர் ஏறியது தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்ததாம்.

சாமுண்டீஸ்வரி படகுகளின் பக்கம் திரும்பினாள். செத்தவனையே எழுப்பும்... யாரிடம் சொன்னோம் அதை?

செங்கல்வராயன் துறையோரம் காலிப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அன்னிக்கு நான் சொன்னது..." கண்கள் தளும்பின.

"தெரியாம சொன்னே. உடு" என்றான் மெதுவாக. "நீ செய்யறது நல்ல காரியம். அதான் வாய உட்டேன். எதிர்த்துப் பேசணும்னு இல்ல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்... திரையில் பார்த்ததை, அறிக்கையில் அவன் பேரை எழுதப் போவதை. அவன் நம்பாமல் பார்த்தான். தன் பேர் காலேஜ் காகிதத்திலா?

"இதுக்காகவா இம்மாந்தூரம் வந்தே?"

"இதுக்கு மட்டும் இல்ல." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "இந்த வாரம் பூரா உங்க நெனப்பாவே இருந்துச்சு. எனக்கு உங்கள புடிச்சிருக்கு."

அவன் கையில் இருந்த தகரக் குவளை ஏரியில் விழுந்து மூழ்கியது. எடுக்கக் குனியவில்லை.

"இன்னா சொன்னே?"

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு..." இப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான். "இன்னொரு தபா சொல்லேன்."

சொன்னாள்.