வேளாக் கொம்பின் பல்

அஸர் தொழுகை முடிந்த மாலை நேரத்தில் றுமானா சாய்ந்தமருதில் சாலிஹின் வீட்டுக்கு வந்தாள். சாலிஹ் தனியாக இருப்பவர். அவரிடம் இரவலாக வாங்கிய வேளா மீனின் கொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். முழ நீளக் கொம்பு, ரம்பம்போல இரண்டு ஓரமும் பற்கள். இந்தக் கடலில் வேளாவைக் கண்டு வெகுகாலம். எங்காவது மிச்சமிருந்தால் இனங்கண்டு காப்பாற்ற, அவள் வேலை செய்யும் நூதனசாலையின் ஆய்வுகூடத்துக்கு அதன் மரபணு தேவைப்பட்டது.

"சும்மா சுரண்டிட்டுத் தாறன் மாமா" என்றுதான் கேட்டிருந்தாள்.

"அமானத்தாத் தாறன் மகள். போன மாதிரியே வரணும்" என்று கொடுத்தார். சுனாமியன்று அவர் மனைவி றாபியாவின் ஜனாஸா சேற்றுக்குள் கிடைத்தபோது, இந்தக் கொம்பை அணைத்தபடிதான் கிடந்தது.

சுரண்டியதில் ஒன்றும் தேறவில்லை. றுமானா ஒரு பல்லை வேரோடு பிடுங்கினாள். மெழுகில் பல் செய்து, நிறம் பூசி, குழியில் பொருத்தினாள். மரபணு கிடைத்தது. எல்லோரும் பாராட்டியபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சேதம் ஒண்டும் இல்லதானே?" இப்போது கொம்பைக் கையில் வாங்கியபடி சாலிஹ் கேட்டார்.

"இல்ல மாமா." வெட்கத்தில் முகம் சுட்டது.

அவர் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்க் கொம்பைச் சுவரில் மாட்டிவிட்டு வந்து அமர்ந்தார்.

"இரிங்க மகள். அவ தடவிப் பாக்கட்டும்."

"ஆரு மாமா?"

அவர் திரைச்சீலையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து சேற்று வாடை வந்தது. ஈர விரல்கள் பற்களின் மேல் ஒவ்வொன்றாக நகரும் சத்தம்.

டிக். டிக். டிக்.

ஓரிடத்தில் நின்றது.

சாலிஹ் அவளைப் பார்த்தார். "என்ன செஞ்சீங்க மகள்?" என்று கிசுகிசுத்தார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். மானம் விடவில்லை.

"ஒண்டும் செய்யல்ல மாமா."

திரைச்சீலைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்து அவள் காலைத் தொட்டது. எழுந்து ஓடினாள்.

மருதமுனையில் வீடு சேரும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. தொழுகைக்கு ஒழுச் செய்யக் குழாயைத் திறந்து, வாய் கொப்பளித்தாள். தண்ணீர் உப்புக் கரித்தது.

நாக்கில் ஏதோ கழன்று விழுந்தது.

வலியில்லை. இரத்தமும் இல்லை. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள்.

மெழுகுப் பல். அவள் கலந்த அதே நிறம்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி, நாக்கால் பக்கத்துப் பல்லைத் தொட்டாள்.

அதுவும் மெதுமெதுவென்று இருந்தது.