திரும்பும் வழிக்கு எத்தனை பை?

"எத்தனை தடவ கூட்டினாலும் ரெண்டு பை குறையுது!" கையிலிருந்த குச்சியை வீசி எறிந்தான் கஸ்பார்.

எதிரே வெள்ளை வெளேரென்று உப்புக் களர். வண்டி இறங்கினால் புதையும். ஒட்டகம் இறங்கினால் வழுக்கும். நடந்துதான் போக வேண்டும். அந்தக் காலத்து வணிகர்கள் ஒரு நாள் நடைக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். ஆறாவது கல்லருகே ஒரு பாழடைந்த கோட்டை, உள்ளே வற்றாத கிணறு. தூத்துக்குடியிலிருந்து வடக்கே வணிகம் செய்யப் போன கஸ்பாரின் பூட்டன், முத்துப்பெட்டியை அங்கேதான் புதைத்ததாக வரைபடம் சொன்னது.

அவலும் வெல்லமும் வேண்டிய மட்டும் இருந்தன. தண்ணீர்தான் சிக்கல். ஒருவருக்கு நாளுக்கு ஒரு தோல்பை தண்ணீர் வேண்டும். ஒருவரால் நான்கு பைக்கு மேல் தூக்க முடியாது.

கஸ்பாரின் தங்கை அமலி குச்சியைப் பொறுக்கி வந்து மணலில் கோடு போட்டாள். "மூணு பேரும் சேர்ந்து கெளம்புவோம்ணே. ஒரு நாள் நடந்தா ஆளுக்கு மூணு பை மிஞ்சும். நான் உங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, மிச்ச ஒண்ணோட திரும்பிருவேன். உங்க கைல மறுபடி நாலு நாலு!"

"அட ஆமாட்டி! ரெண்டாம் நாள் சூசை ஒண்ணக் குடுத்துட்டு ரெண்டோட திரும்பிருவான். எனக்கு மிச்சம் நாலு நாள், கைல நாலு பை!"

"கணக்குப் போடுறது நீங்க, செமக்கிறது நானால?" என்றான் அவன் கூட்டாளி சூசை.

கஸ்பார் கோட்டையில் ஒரு பகல் தேடிவிட்டு, எட்டாம் நாள் காலை புறப்படுவதென்று முடிவாயிற்று.

கணக்கு ஒரு சொட்டுகூடப் பிசகவில்லை. முதல் கல்லிலிருந்து தனியாகத் திரும்பிய அமலி, இரண்டாம் நாள் அந்தியில் இக்கரைக் கிணற்றில் பையை முக்கினாள். பை நிரம்பியது. அவள் கை அப்படியே நின்றது. அண்ணனும் அங்கே இப்படித்தான் நிரப்புவான். நான்கு பை. வர வேண்டியதோ ஆறு நாள்!

போவதற்கு மட்டுமே கணக்குப் போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் வந்து சேர்ந்த சூசை, இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தான். "இப்பவே கெளம்புதேன்!"

"உக்காருங்கண்ணே. சீக்கிரம் போய் நின்னா, நிக்கிற நாளுக்கும் தண்ணி குடிப்பீங்களே. அப்புறம் அண்ணனுக்கு ஏது?"

"வழியில பையப் போட்டுட்டு வந்தா?"

"நரி தோல விட்டு வைக்குமா?"

அமலி கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். எட்டாம் நாள் புறப்படும் கஸ்பாரின் பைகள் பதினோராம் நாள் அந்தியில், இரண்டாம் கல்லருகே தீரும். பத்தாம் நாள் காலை நான்கு பையோடு கிளம்பினால், சூசையும் அந்நேரம் அங்கே இருப்பான், கையில் இரண்டு பை. மறுநாள் ஆளுக்கொன்றைக் குடித்து, முதல் கல்லுக்கு வெறுங்கையோடு வருவார்கள். அன்று காலை அமலி நான்கு பையோடு கிளம்பினால், அந்தியில் அங்கே மூன்றோடு நிற்பாள். மூன்று பேருக்கு மூன்று பை. போன கணக்கேதான், தலைகீழாக!

"சரிதான். ஆனா இது அவனுக்குத் தெரியாதே? பயந்து அங்கனயே உக்காந்துட்டா?"

"ரெண்டாம் கல்லுல அண்ணன் இல்லன்னா காத்து நிக்காதீங்க. திரும்பிருங்க," என்றாள் அமலி. மணலில் போட்ட கோடுகளை மறுபடி ஒருமுறை எண்ணினாள்.

பன்னிரண்டாம் நாள் அந்தியில் அவள் முதல் கல்லருகே நின்றாள். களரின் விளிம்பில் ஒரு புள்ளி. ஒன்றுதான். அவள் பைகளை இறுகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். நெருங்க நெருங்க அது இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்திருக்கிறார்கள்!

கஸ்பாரின் உதடு வெடித்திருந்தது. "கோட்டைக் கெணத்துல நாலாவது பைய நெரப்பும்போதுதான் பொறி தட்டுச்சு. தேட வேண்டிய பகல்ல பாதி நேரம் கணக்குத்தான் போட்டேன். மிச்சப் பாதியிலதான் பெட்டியத் தோண்டி எடுத்தேன். எப்படிப் போட்டாலும் சூசை ரெண்டாம் கல்லுலதான் நிக்கணும்னு வந்துச்சு. அத நம்பிக் கெளம்பிட்டேன். நீ வேற மாதிரி போட்டிருந்தா செத்தேன்ட்டி!"

"இதுக்கு வேற விடை இல்லண்ணே," என்று அமலி ஒரு பையை அவனிடம் நீட்டினாள்.

மறுநாள் முத்துப்பெட்டியோடு மூவரும் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின் எந்தப் பயணமானாலும், வீடு திரும்பும் நாளிலிருந்துதான் அமலி கணக்கைத் தொடங்கினாள்.