மைக்கை விடாத சகாதேவன்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் வாழும் கலைத்தாகம் கொண்ட பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தமிழ் மேடையின் வரலாறு மாற்றி எழுதப்படும். அனுமதி இலவசம். கைக்குழந்தைகளைத் தவிர்க்கவும்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இப்படித்தான் போட்டிருந்தது. மறைந்த மெல்லிசைப் பாடகர், 'இசைக் கதிரவன்' சகாதேவனின் வாழ்க்கையையும் பாடல்களையும் வைத்துச் செய்த இசை நாடகம். தயாரிப்பாளர் அப்பாதுரை கைகூப்பி நிற்கும் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. இயக்குநர் செந்தமிழ் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் படம் அதில் பாதி. செத்துப்போன சகாதேவன், இடம் கொஞ்சம் மிச்சமிருந்ததால், மூலையில் ஒரு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

வரலாறு மாறுவதற்கு முந்தின நாள் காலை செந்தமிழ் மலர்கொடியின் அலுவலகத்துக்கு வந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை குடிக்கிறானா, ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வது மலர்கொடியின் தொழில். பெரும்பாலும் குடிப்பான், சில சமயம் குடும்பமும் இருக்கும். அவள் இரண்டையும் ஒரே குரலில் சொல்லுவாள். உதவியாளர் சேட்டுவுக்கு அந்தக் குரல் வராது. அவருக்கு எல்லாமே பரபரப்பு.

"ஒரு கலைஞனின் ஆன்மா களவாடப்பட்டிருக்கிறது," என்றார் செந்தமிழ், உட்காராமல்.

"என்ன பொருளு?" என்றாள் மலர்கொடி.

"பொருள் என்று சொல்லிவிட முடியாது. அது ஒரு யுகத்தின் சாட்சி..."

"சார், எவ்ளோ பெருசு? என்ன கலரு?"

செந்தமிழ் உட்கார்ந்தார். "ஆம்ப்ளிஃபையருங்க. பழசு. கறுப்பு."

சேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய செல்போன் ரிங்டோனே சகாதேவனின் பாட்டுத்தான். கோயில் திருவிழா, ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு என்று சகாதேவன் எங்கே பாடினாலும் பைக்கில் போய் முன்வரிசையில் நின்றவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு திருவிழா மேடையில், பாடிக்கொண்டிருக்கும்போதே சகாதேவன் உயிர் போனது. அன்றைக்கு மட்டும் சேட்டு போகவில்லை. அதனாலேயே அந்தச் சாவைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

கடைசி நாளில் பாடிய மைக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் மண்டபத்தில் காட்சிக்கு வைத்திருந்ததாகச் செந்தமிழ் சொன்னார். நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் காணாமல் போய்விட்டது.

"மைக்கு?" என்றார் சேட்டு.

"மைக் அப்படியே இருக்குது."

"எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றாள் மலர்கொடி.

"நினைப்பதென்ன, தெரியும். சகாதேவனின் மனைவி. அம்சவல்லி. நாடகம் நடந்துவிடக் கூடாதென்று அந்த அம்மாளுக்கு எண்ணம். நேற்றுக் காலை வந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் மரம் மாதிரி நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்."

"நாடகம் நடந்தா அவங்களுக்கு என்ன?"

செந்தமிழ் தொண்டையைச் செருமினார். "இரண்டாம் பாதியில் அவள் வருகிறாள்."

எப்படி வருகிறாள் என்பது சேட்டுவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அன்று சாயங்காலம் அம்சவல்லி புருஷனோடு சண்டை போட்டாள், 'அப்படியே போயிடு' என்றாள், அந்தச் சொல் தாங்காமல் கலைஞனின் நெஞ்சு மேடையில் வெடித்தது. மூன்று வருஷமாக அவளுக்கு வாயாலேயே புருஷனைத் தின்றவள் என்று பெயர். உப்பளத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இதுவரை பேச்சாக இருந்தது, நாளை முதல் பாட்டாகப் போகிறது.

மண்டபத்தின் பின்பக்கம் உப்புப் பாத்திகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. உள்ளே, யதார்த்தம் வேண்டும் என்பதற்காகச் செந்தமிழ் காட்சிமேடையைச் சுற்றி நிஜ உப்பைக் கொட்டிப் பரப்பியிருந்தார். 'காலணிகளைக் கழற்றிவிட்டு வணங்கவும்' என்று ஒரு போர்டு. உப்பெல்லாம் வெறுங்கால் தடங்கள். அவற்றின் மேல் ஒரேயொரு செருப்புத் தடம் போய்த் திரும்பியிருந்தது.

"ஹவாய் செருப்பு, மேடம்," என்று சேட்டு குனிந்தார். "ரப்பர் செருப்போட வரி அப்படியே பதிஞ்சிருக்குது."

"அதுக்குப் பின்னாடி என்ன?"

ஒவ்வொரு செருப்புத் தடத்துக்குப் பின்னாலும் அரை வட்டமாக ஒரு குதிகால் பதிந்திருந்தது. சேட்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வாசலுக்கு ஓடி, அங்கே கிடந்த ஒரு ஜோடி நீல ஹவாய் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். வரிகளுக்குள் உப்பு. செருப்பு வாட்ச்மேன் பச்சமுத்துவுடையது.

"யோவ், பெட்டிய எங்கய்யா வச்ச?"

பச்சமுத்து சின்ன உருவம், சின்னக் கால். "செருப்பு என்துதாங்க. நான் சாப்டுட்டுப் படுத்துட்டேன். வாசல்ல கெடக்கற செருப்பை எவன் வேணா மாட்டுவான். போன மாசம் ஒருத்தன் மாட்டிக்கினு பாண்டிக்கே போயிட்டான்."

"இவரு இல்ல, சேட்டு," என்றாள் மலர்கொடி. "விடுங்க."

மேடையில் கடைசிக் காட்சியின் ஒத்திகை தொடங்கியது. சகாதேவனாக நடிக்கும் பிரபு, ஒல்லியான பையன், மேடையைத் தொட்டுக் கும்பிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கலைஞர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். மழைத்தூறலுக்காக ஒருவர் மேலேயிருந்து தண்ணீர் தெளித்தார். பின்னணியில் கோரஸ் பாடியது:

"தெருவிளக்கும் கண்மூடித் தேம்பியதே...
விட்டானே மூச்சை, விடவில்லை மைக்கை..."

பிரபு மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி விறைத்து, சரிந்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் அவனைத் தொடவில்லை. ஒருவர் மட்டும் மூங்கில் கழியால் மைக்கைத் தட்டிப் பிரித்தார்.

"இதெல்லாம் நெசமா நடந்ததா?" என்று மலர்கொடி கேட்டாள்.

"ஒவ்வொன்றும் ஆவணம்," என்றார் செந்தமிழ். "அவர் விழும்போது ஊர் விளக்குகளே மங்கின. உயிர் போயும் கை மைக்கை விடவில்லை. அந்தப் புனித உடலைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. கழியால் பிரித்தவர் நம் அப்பாதுரை அண்ணன்தான். அன்றைக்குச் சவுண்டு சர்வீஸ் அவருடையது. நாளைக்குப் பிரபு இந்த டம்மியைப் பிடிக்க மாட்டான். அதே மைக், அதே ஆம்ப்ளிஃபையர், கனெக்‌ஷனோடு. ஆன்மா பாட வேண்டும். முந்தாநாள்தான் அறிவித்தேன்."

"போஸ்ட்மார்ட்டம்?"

"கலைஞனையா அறுப்பது? மறுநாளே பூப்பல்லக்கில் கொண்டுபோய் எரித்தோம்."

மலர்கொடி மேடையில் கிடந்த மூங்கில் கழியைப் பார்த்தாள். பிறகு, "அம்சவல்லியைக் கூப்ட்டு வாங்க," என்றாள்.

சேட்டு உப்பளத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தபோது மதியம் தாண்டியிருந்தது. காலில் உப்புநீர் காய்ந்து வெளுத்திருந்தது. வழியில் அவர் கேட்டதற்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "தெரியல." கோபமில்லை, பயமில்லை. வேறு யாருக்கோ நடப்பதைப் போல நடந்து வந்தாள். மண்டபத்தில் அப்பாதுரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. பக்கத்தில் பிரபு. செந்தமிழ் நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்தால் கழுத்துத் துண்டு சரியாக விழாது என்பதால்.

"திருடனுக்கு மைக் வேணாம்," என்று மலர்கொடி ஆரம்பித்தாள். "ரசிகனா இருந்தா மைக்கைத்தான் எடுத்திருப்பான். பழைய இரும்புக்காரனா இருந்தா எல்லாத்தையும் வாரிக்கினு போயிருப்பான். கனமான பெட்டிய மட்டும் எடுத்தவருக்கு, அது நாளைக்கு ஓடக் கூடாது. அவ்ளோதான் நோக்கம்."

"இந்த அம்மாள்தான்," என்றார் செந்தமிழ்.

"இவங்க காலப் பாருங்க சார். உப்பளத்துல செருப்போட வேலை செய்ய மாட்டாங்க. வெறுங்காலோட வந்திருப்பாங்க, வெறுங்காலோட போயிருப்பாங்க. அத்தனை தடத்துல அதுவும் ஒண்ணாப் போயிருக்கும். திருட வந்தவருக்கும் அதான் சுலுவு. ஆனா அவரு தன்னோட செருப்பையோ ஷூவையோ வாசல்ல விட்டுட்டு, பச்சமுத்து செருப்பைத் தேடி மாட்டிக்கினு வந்திருக்காரு. செருப்பு பத்தலை, குதிகால் வெளிய நிக்குது. பெரிய காலு. இங்க யாருக்குப் பெரிய காலு?"

எல்லோரும் வெள்ளை ஷூவைப் பார்த்தார்கள்.

"செருப்புப் போடக்கூடாத எடத்துல ரப்பர் செருப்பு எதுக்கு? பிளக்குகூட மாட்டாத பெட்டி. அதைத் தொடறதுக்கு ரப்பர் எதுக்குன்னா, அந்தப் பெட்டி ஒரு தடவை என்ன செஞ்சுதுன்னு கண்ணால பார்த்தவருக்குத்தான் அந்தப் பயம் இருக்கும்."

அப்பாதுரை கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்ன செஞ்சுது?" என்றான் பிரபு.

"நீயே நடிச்சுக் காட்னியே, தம்பி. மாரடைப்பு வந்தவன் கையில இருக்கறதைக் கீழ போடுவான். கரண்ட் புடிச்சவன்தான் விட மாட்டான். தூறல், வெறுங்காலு, மைக்கு. அதான் வெளக்கு மங்குச்சு. அதான் ஒருத்தரும் தொடலை. அதான் மூங்கில் கழி. சார் எல்லாத்தையும் ஆவணமாப் பாட்டுல எழுதி வச்சிருக்காரு."

மைக்கை விடாத கதையைச் சேட்டு எத்தனை டீக்கடையில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புல்லரித்தது. இப்போது அந்தக் கையை நினைத்துப் பார்த்தார். புல்லரிக்கவில்லை. ஒன்றுமே வரவில்லை.

"எர்த்து போடலை," என்றார் அப்பாதுரை, ஷூவைப் பார்த்தபடி. "உள்ள ஒயர் உரிஞ்சிருந்துது. காலையிலயே எனக்குத் தெரியும். ஒரு நாள்தானேன்னு ஓட்டிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணே," என்றாள் மலர்கொடி.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள எவனோ, பொண்டாட்டி சண்ட போட்டா, அதான் நெஞ்சு வெடிச்சிருச்சுன்னான். எல்லாரும் ஆமான்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்." அவர் முகத்தைத் துடைத்தார். "அவருக்கு எதாச்சும் செய்யணும்னுதான் நாடகமே. பெட்டி சும்மா காட்சிக்குத்தான்னாங்க. திடீர்னு கனெக்‌ஷன் குடுக்கறேங்கறாரு. வேணாம்னா ஏன்னு கேப்பாரு. இந்தப் பையன் அதைப் புடிச்சிக்கினு நிக்கறதை என்னால பாக்க முடியாதும்மா. பெட்டி வேன்லதான் கெடக்குது. தூக்கிப் போடவும் கை வரலை."

பிரபு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்சவல்லி இதையெல்லாம் கேட்டாளா என்று சேட்டுவுக்குச் சந்தேகமாக இருந்தது. முகத்தில் ஒன்றும் நகரவில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அப்பாதுரையை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்து ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார்.

"அப்ப நான் சொன்னதுனால இல்ல," என்றாள் அவள். கேள்வி மாதிரி இல்லை.

"இல்லக்கா," என்றாள் மலர்கொடி.

"சண்ட போட்டது நெசந்தான். போயிடுன்னு சொன்னதும் நெசந்தான்."

"எல்லா வீட்லயும் சொல்றதுதான். அதுனால யாரும் சாகறதில்ல."

அம்சவல்லி தலையை ஆட்டினாள். அப்பாதுரை பக்கம் அவள் திரும்பவேயில்லை. செந்தமிழைப் பார்த்து, "அந்தப் பாட்ட எடுத்துடு," என்றாள்.

"அம்மா, அது இரண்டாம் பாதியின் முதுகெலும்பு. கோரஸ், நடனம் எல்லாம்..." செந்தமிழ் சுற்றிலும் பார்த்தார். பிரபு பார்த்தான், பச்சமுத்து பார்த்தார், சேட்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பார்த்தார். "எடுத்துடறேம்மா."

"பேரு சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அப்பாதுரை வேனை ஓட்டிக்கொண்டு தானே ஸ்டேஷனுக்குப் போனார், பெட்டியோடு. ஒரு வாரத்துக்குள் உப்பளத்தில் சாப்பாட்டு நேரத்தில் அம்சவல்லி பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்கார ஆரம்பித்ததாகச் சேட்டு கேள்விப்பட்டார். அவளுக்கு அதில் சந்தோஷமா என்று மலர்கொடி கேட்டாள். தெரியவில்லை, சாப்பிட்டாளாம் என்றார் சேட்டு. செல்போன் ரிங்டோனை அவர் மாற்றியிருந்தார், கம்பெனி கொடுத்த பழைய மணியோசைக்கு.

சண்டையும் சாவும் நீக்கப்பட்ட நாடகம் அடுத்த மாதம் அதே மண்டபத்தில் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு யாரும் திரும்பி வரவில்லை.