பச்சையா, மஞ்சளா?

ஜூன் 12, வியாழன். இன்று ஒரு தவறு செய்தேன். தம்பி சுமந்த் வாந்தி எடுத்தபோது பச்சை வாளியை நீட்டிவிட்டேன். வாந்தி என்ன நிறம் என்றே தெரியவில்லை.

மாலைத் தமிழ் வகுப்புக்கான டைரியில் இவ்வளவு எழுதிவிட்டு ஜானவி பேனாவை வைத்தாள். நிறம் ஒரு பெரிய விஷயமா? அவளுக்கே சந்தேகம்தான்.

வலியசாலையில் அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் அவன் வயிற்றுவலியின் காரணத்தில் சந்தேகமே இல்லை. ஆறு வயது சுமந்த் மத்தியானம் பலாச்சுளைகளை, அந்த ஊர்ப் பேச்சில் சக்கையை, ஒரு கை பார்த்திருந்தான். அம்மா பெருங்காயத்தை உரைத்து அவன் தொப்புளைச் சுற்றிப் பூசிவிட்டு, வாயுதான், சரியாகிவிடும் என்றாள். வலியோ விட்டு விட்டு வந்து அவனைச் சுருட்டிப் போட்டது.

சக்கை என்றால் மஞ்சளாகத்தானே வர வேண்டும்?

அடுத்த முறை அவன் குமட்டியபோது ஜானவி கைக்குக் கிடைத்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை நீட்டினாள்.

"தயிர்க் கிண்ணமாடீ கிடைச்சது உனக்கு?" என்றாள் அம்மா.

"பாரும்மா. பச்சையா இருக்கு."

"கீரை தின்னானோ?"

"சுமந்தா? கீரையா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி கிண்ணத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆட்டோவில் ஏறினார்கள். ஜானவி கிண்ணத்தைத் தட்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்மஜா சுமந்தின் வயிற்றருகே குனிந்து, சாம்பார் மணக்கிறதே என்றார். அம்மா சக்கைக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஜானவி தயங்கினாள். பிறகு தட்டை எடுத்தாள்.

டாக்டரின் முகம் மாறியது. அது பித்தநீர், குடல் எங்கோ அடைபட்டிருக்கலாம் என்றார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஹோஸை முறுக்கினா தண்ணி போகுமா, மோளே? அதுபோல குடலுக்கு ரத்தம் போகலை. ரொம்ப நேரம் போகலேன்னா அந்தப் பாகம் கறுத்துச் செத்துப்போகும்," என்று டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் ஜானவிக்கு விளக்கினார்.

"இப்போ செத்துப்போயிருக்குமா?"

"திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அம்மா ஜானவியின் விரல்களை விடவே இல்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். குடல் நீலம் பாய்ந்திருந்ததாம். முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிக் காத்திருந்தார்களாம். மெல்ல மெல்ல இளஞ்சிவப்பு திரும்பியதாம்.

"வெட்டி எடுக்க வேண்டி வரலை. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டே, மோளே."

மறுநாள் கண் விழித்த சுமந்த், மிச்சச் சக்கை எங்கே என்றுதான் முதலில் கேட்டான். அது கிடைக்காது என்றதும் கோபித்துக்கொண்டு, எழுந்து நடக்கவும் மாட்டேன் என்றான். அக்கா பிடித்துக்கொண்டால் மட்டும் யோசிப்பானாம்.

நர்ஸ் சேச்சி வேலையைச் சொல்லிவிட்டுப் போனார். நாளைக் காலையில் சுமந்தைக் கட்டிலிலிருந்து இறக்க வேண்டும். ஜானவி கையைப் பிடித்துக்கொள்ள, வராந்தாவின் கடைசி ஜன்னல்வரை அவனை நடத்த வேண்டும்.