பெரட்டு என்றார் கோகிலா அக்கா

கொழும்பிலிருந்து லொறியில் வந்த பியானோவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கூடவே வந்த உதவியாள் ஆகில்தான் பாவம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, தேவாலய மண்டபத்து நீண்ட மர வாங்கில் வாடிய கீரையாகப் படுத்துவிட்டான்.

"இப்ப யாரு எனக்குப் பக்கம் பெரட்டுறது?" என்று தலையில் கை வைத்தார் கோகிலா அக்கா.

கோகிலா அக்கா கரவனெல்லைக்குப் பக்கத்திலுள்ள இதே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஊர் ஊராகப் போய்ப் பெரிய மண்டபங்களில் பியானோ வாசிக்கிறார். புதிய இசையும் எழுதுகிறார். லண்டனில்கூட வாசித்துவிட்டார். பிறந்த தோட்டத்தில் மட்டும் வாசித்ததே இல்லை. இங்கே ஏது பியானோ?

இன்று மாலைதான் முதல் தடவை. அதுவும் இந்தத் தோட்டத்தைப் பற்றியே எழுதிய புத்தம் புது இசை. போன வாரம்தான் எழுதி முடித்ததால், தாளைப் பார்க்காமல் வாசிக்க இன்னும் வராது. இரண்டு கையும் பியானோவில் இருக்கும்போது, பக்கத்தில் நின்று தாளைப் புரட்ட ஓர் ஆள் வேண்டும்.

"நான் பெரட்டுறேங்கக்கா" என்றாள் ஜெனிற்றா. ஆறாம் வகுப்புக்காரி. ஞாயிறு பூசையில் கீபோர்ட் வாசிப்பவள் அவள்தான்.

"நோட்டுப் பாக்கத் தெரியுமா?"

"தெரியுங்க. நடுவுல ஃபாதர் தும்மினாக்கூட நிறுத்தாம வாசிப்பேன்."

அக்கா சிரித்துவிட்டார். "அப்படீன்னா நீதான். நான் தலைய ஆட்டுவேன், இல்லாட்டி வாயால சொல்லுவேன். ஒடனே பெரட்டணும்."

முதல் சில பக்கங்களைப் பழகுவதற்குள் சனம் வர ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை.

அக்கா திரும்பத் திரும்பச் சனத்தை எட்டிப் பார்த்தார்.

"பயமாங்கக்கா?"

"லண்டன்ல இப்படிப் பயப்படல பாப்பா. அங்க பிடிக்காட்டியும் கைதட்டிட்டுப் போயிருவாங்க. இங்க நேரா மொகத்துக்கே சொல்லிருவாங்க."

முதல் பகுதி மழை. மேல் கட்டைகளில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. முன்வரிசையில் ஒரு பொடியன் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். அக்கா தலையை ஆட்ட ஆட்ட ஜெனிற்றா சரியாகப் புரட்டினாள். இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு.

மழை ஓய்ந்தது. அக்கா மெல்லச் சொன்னார்:

"இனி பெரட்டு."

பட்டென்று புரட்டினாள் ஜெனிற்றா. அக்கா திடுக்கிட்டுத் தடுக்கக் கையை நீட்டினார். கை இடித்துத் தாள்கள் மொத்தமும் சரிந்து, தரையெங்கும் சிதறின. இசை நின்றுவிட்டது.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அடுத்து என்ன வாசிப்பது என்றே தெரியாமல் கட்டைகளைப் பார்த்தபடி இருந்தார். ஜெனிற்றா குனிந்து ஒரு தாளை எடுத்தாள். மழை முடியும் இடத்துக்குக் கீழே, அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் அடுத்த பகுதியின் பெயர் இருந்தது: பெரட்டு.

ஐயையோ! அக்கா பக்கத்தைப் புரட்டச் சொல்லவே இல்லை!

தோட்டத்தில் விடியும் முன்பே தப்பு மேளம் அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் களத்தில் கூடிப் பெயர் கொடுத்து, வேலைக்குப் பிரிந்து போவார்கள். அதற்கும் பெரட்டு என்றுதான் பெயர். அடுத்து அந்தப் பெரட்டு வருகிறது என்றுதான் அக்கா சொல்லியிருக்கிறார்!

தாள்களைப் பொறுக்கி அடுக்குவதற்குள் சனம் எழுந்து போய்விடும். அக்காவின் இசையை யாரும் கேட்காமலே போய்விடுவார்கள். என்ன செய்யலாம்?

பெரட்டு என்றால் தப்பு. தப்புச் சத்தம் ஜெனிற்றாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவள் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான்!

பியானோவின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் தட்டினாள்.

டங்கு டக்க... டங்கு டக்க...

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்கள் விரிந்தன. "விட்டுறாத பாப்பா!" என்றார்.

அவருடைய இடது கை அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. பிறகு வலது கையும் வந்தது. தாளே இல்லாமல் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கைதட்டித் தாளம் போட்டது. பின்வரிசையில் ஏழுமலை மாமா பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்து, "வந்துட்டேங்க!" என்று கத்தினார். சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. அப்புறம் ஆளாளுக்கு எழுந்து "வந்துட்டேங்க!" என்றார்கள்.

அதற்குள் ஆகில் தள்ளாடி வந்து, தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டான். மீதிப் பகுதிகளுக்கு அக்கா தலையை ஆட்டினால் மட்டும் ஜெனிற்றா புரட்டினாள். கடைசிக் கட்டை ஒலித்ததும் மொத்த மண்டபமும் எழுந்து நின்றது. வாசலில் நின்ற கடைக்கார முதலாளி, "ஹரி ஷோக்! ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. நான்தான் எல்லாத்தையும் கொட்டிட்டேன்" என்றாள் ஜெனிற்றா.

அக்கா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, பெரட்டுப் பகுதியின் ஓரத்தில் எழுதினார்:

'இங்கே பக்கம் புரட்டுபவர் பியானோவைத் தட்ட வேண்டும். பலமாக!'

"இனி எந்த ஊருல வாசிச்சாலும் இப்படித்தான்" என்றார்.

ஆகில் எட்டிப் பார்த்து வாசித்தான். "ஐயோ, எனக்கு இது தட்டத் தெரியாதே!"

"வாங்கண்ணே" என்றாள் ஜெனிற்றா, சட்டைக் கையை மடித்துவிட்டபடி. "நான் சொல்லித் தர்றேன்."