கம்ப்யூட்டருக்குப் பேச்சு வந்த சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்போது துணி தேய்க்கும் மேசைமேல் இருந்தது. பெரிய திரை, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் பெட்டி முதலில் ஒருமுறை செருமும். பிறகு உர்ரென்று சுற்றும். திரையில் படம் வருவதற்குள் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயாலேயே செய்துகாட்ட முடியும்.

அம்மா கடல் தாண்டி ஓர் ஊரில் நர்ஸாக இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு வேலை முடியும். அந்த நேரத்துக்கு நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அம்மா அங்கிருந்து எழுதுவார், நாங்கள் இங்கிருந்து எழுதுவோம். முகம் தெரியாது, குரல் கேட்காது. வெறும் எழுத்துதான். ஆனாலும் அம்மா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

அப்பா ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். "கை கழுவினீங்களாப்பா? கீபோர்டெல்லாம் மாவு!" என்று அண்ணன் கத்துவான். அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. தம்பிக்கு இன்னும் எழுதவே தெரியாது. அவனை வாலு என்று கூப்பிடுவோம். என்னை அரட்டை என்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அது படுத்த படுக்கையாகிவிட்டது. அண்ணன் தன் நண்பனிடமிருந்து ஒரு சிடி வாங்கிவந்தான். உறையில் பென்குயின் படம்.

"இது கம்ப்யூட்டரை ஓட்டற வேற சிஸ்டம்ப்பா. உலகத்துல எங்கெங்கேயோ இருக்கறவங்க சேர்ந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு குடுத்திருக்காங்க."

"சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?" என்றார் அப்பா.

"ஒரு மணி நேர வேலைப்பா!"

உண்மையிலேயே சீக்கிரம் முடிந்தது. திரை பளிச்சென்று வந்தது. பாட்டு பாடியது. வாலுவுக்குப் பிடித்த மாதிரி பந்து விளையாட்டுகூட இருந்தது. ஆனால் இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

அண்ணன் பெட்டியைத் திறந்து பச்சைத் தகடு ஒன்றைக் காட்டினான். "இதுதான் நெட்வொர்க் கார்டு. கம்ப்யூட்டருக்குக் காதும் வாயும் இதுதான். புது சிஸ்டத்துக்கு இதோட பேசத் தெரியல. அதுக்கு டிரைவர்னு ஒரு சின்ன புரோகிராம் வேணும்."

"அது எங்க இருக்கு?" என்றேன்.

"இன்டர்நெட்டுல."

"அப்ப எடுத்துக்கோ."

"இன்டர்நெட்டுக்குப் போகணும்னா முதல்ல அது வேணுமே!"

வாலு கைதட்டிச் சிரித்தான். "அண்ணன் சாவிய உள்ள வெச்சுப் பெட்டிய பூட்டிடுச்சு!"

அண்ணன் சிரிக்கவில்லை. தெருமுனை நெட் சென்டருக்குப் போய்த் தேடினான். போனவன் முகம் தொங்கிப்போய்த் திரும்பினான். எங்கள் கார்டு புது மாடல். அதற்கு இந்த சிஸ்டத்தில் ஓடும் டிரைவரை இன்னும் யாருமே எழுதவில்லையாம். பழைய கார்டாக இருந்தால் தனியாக டிரைவர் போடாமலே வேலை செய்யுமாம்.

"நெட் சென்டர்லயே போய் அம்மாகூடப் பேசலாமே?" என்றேன்.

அங்கேதான் சிக்கல். போன மாதம் வாலு அங்கே ஒரு வயரைப் பிடுங்கி மொத்தக் கடையையும் இருட்டாக்கியிருந்தான். அன்றிலிருந்து அவன் வாசல்படி ஏறக்கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"ஒருத்தனை வெளிய நிக்க வெச்சுட்டு எப்படிப் பேசறது?" என்றார் அப்பா. "அம்மா முதல்ல கேக்கறதே அவனைத்தான்." புதுக் கார்டு வாங்க டவுனுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அடுத்த வாரம்தான் லீவு.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். அவன் கழற்றிவைத்த கார்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பாவம், இது என்ன தப்பு செய்தது? போன வாரம்வரை நன்றாகத்தானே பேசியது?

"அண்ணே, இது கெட்டுப்போகலையே. பழைய சிஸ்டம் இருக்கற வீட்டுல இது ஓடும்தானே?"

"ஓடும்."

"அங்க பழைய கார்டு இருந்தா நமக்கு ஓடும்தானே?"

போர்வை மெல்ல இறங்கியது. அண்ணனின் கண்கள் மட்டும் தெரிந்தன. "கீழ ஸ்டுடியோ வெச்சிருக்கற போட்டோக்கார மாமாகிட்ட பழைய கார்டு இருக்கு, சிஸ்டமும் பழசுதான். அவர் பெட்டியத் திறந்து தூசி தட்டறப்ப பாத்தேன்." போர்வை மறுபடி ஏறியது. "நான் போக மாட்டேன். அவர் கம்ப்யூட்டரை மியூசியத்துல வைக்க வேண்டிய கிழவின்னு சொல்லிட்டேன்."

நான் கார்டையும், அதோடு வந்த, பழைய சிஸ்டத்துக்கான டிரைவர் சிடியையும் எடுத்துக்கொண்டு, வாலுவையும் இழுத்துக்கொண்டு கீழே போனேன்.

ஸ்டுடியோவில் மாமா திரையை முறைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓஹோ! கிழவியோட கார்டு இப்ப வேணுமாக்கும்?"

"கிழவிக்குத்தான் மாமா எல்லார்கூடவும் பேசத் தெரியுது. எங்களோடது வாயடைச்சுப்போய் உக்காந்திருக்கு."

மாமாவின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "பத்திரிகை ஆபீசுக்கு போட்டோ போய்க்கிட்டிருக்கும்மா. நடுவுல கழட்டி ஏதாவது ஆயிட்டா என் பொழப்பு என்ன ஆகறது?"

"போட்டோ போய் முடியட்டும் மாமா, காத்திருக்கோம். அப்புறம் முதல்ல எங்க கார்டை உங்க பெட்டியில போட்டுப் பாப்போம். அது நல்லா ஓடினாதான் உங்க கார்டு எங்களுக்கு. ஓடலைன்னா உங்களோடதையே திரும்ப மாட்டிட்டுப் போயிடறோம்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நஷ்டம்னா உங்களுக்குத்தானே?"

"ஆமா மாமா."

"போ, உன் அண்ணனைக் கூப்பிடு. ஸ்குரூ டிரைவரோட."

போட்டோக்கள் ஆமை வேகத்தில் போயின. அதற்குள் வாலு ஸ்டுடியோக் கண்ணாடியில் தன் நாக்கின் நீளத்தை அளந்து முடித்துவிட்டான். அண்ணன் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மன்னிச்சிடுங்க மாமா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி சரி, கை நடுங்காம வேலையப் பாரு."

எங்கள் கார்டை மாட்டினான். சிடியைப் போட்டான். மாமா இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது. "அட! முன்னைவிட வேகமா ஓடுதே! கிழவிக்கு வயசு குறைஞ்சுபோச்சு!"

மாமாவின் பழைய கார்டை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினேன். அண்ணன் அதை மாட்டி சுவிட்சைப் போட்டான். பெட்டி செருமியது. எந்த சிடியும் கேட்காமல், எந்தக் கேள்வியும் கேட்காமல், பெட்டிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

"வந்துடுச்சு!" என்று அண்ணன் கத்தியதில் அப்பா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

அன்றைக்கு அம்மாவின் முதல் வரி வந்தபோது வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"எல்லாரும் இருக்கீங்களா?"

வைரஸ், பென்குயின், போர்வை, மாமா... சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் எங்கே ஆரம்பிப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

அந்த இடைவெளியில் வாலு நாற்காலிமேல் ஏறி, இரண்டு கைகளாலும் கீபோர்டைத் தட்டோ தட்டென்று தட்டினான். இரண்டு வரி முழுக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எழுத்துகள். தடுப்பதற்குள் அனுப்பியும்விட்டான்.

பிறகு அம்மா எழுதினார்:

"எல்லாம் புரிஞ்சுதுடா கண்ணா. இன்னும் சொல்லு."