வெற்றுத் தாளின் ரத்தம்

வெற்றுத் தாளில் வைரஸ் இருந்தது. பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, அட்டையில் ஒற்றி, காயவைத்து, குளிர் அறையில் வருடக்கணக்காக அடுக்கி வைத்திருந்த ரத்தப் பொட்டுகள் எதிலும் அது இல்லை. ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில், வெட்டும் கருவியின் ஊசியைத் துடைத்தெடுப்பதற்காக அவள் துளையிட்ட வெள்ளைத் தாள்களில் மட்டும், வைரஸ் இருந்தால் ஏறும் பரிசோதனைத் திரையின் கோடு விறுவிறுவென்று ஏறி நின்றது.

"எதுலேருந்தாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்," என்றாள் பக்கத்து மேசை அக்கா, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"எதுலேருந்துக்கா? ஒட்டணும்னா முதல்ல யாரு ரத்தத்துலயாவது இருக்கணுமே."

"ரெண்டு பேரா உக்காந்து வேலை பாக்கறீங்க இல்ல, மெஷின் குழம்பிப் போச்சு." அவளுடைய பெருத்த வயிற்றைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அக்கா சாப்பிடப் போய்விட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வைரஸ் தாய்க்கு வெறும் ஜலதோஷம் மாதிரி வந்து போய்விடும். வயிற்றில் இருப்பதைச் சும்மா விடாது, காதைப் பறித்துவிடும். முதுகுக்குப் பின்னால் பாத்திரம் விழுந்தும் மூத்த மகள் திரும்பிப் பார்க்காத அன்றே குளிர் அறைக்குப் போனாள். மகள் பிறந்தபோது எடுத்த பழைய அட்டையைத் தேடி எடுத்து, தன் கையாலேயே வெட்டிப் போட்டு, இதே திரையில் கோடு ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தானே கொடுத்திருக்கிறோம், கொடுத்தது தெரியாமலேயே. இந்தக் குழந்தையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஊசியை மாற்றினாள். மேசையை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள். ஜன்னலில் மதிய வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறை விடாமல் முனக, மூக்கில் ஏறிய ஸ்பிரிட் நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாடை, வெதுவெதுப்பாக, இரும்புத் துருவைப் போல, பிரசவ அறையில் மட்டுமே அவள் முகர்ந்திருந்த வாடை மெல்லக் கிளம்பி வந்தது. பிள்ளைத்தாச்சி மூக்கு, அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

பிரிக்காத புதுக் கட்டைக் கிழித்து ஒரு தாளை உருவினாள். கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

டக்.

உள்ளே குழந்தை துள்ளியது. சாதாரணமான உதை இல்லை. சூடு பட்ட கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வது போல இருந்தது.

காத்திருந்தாள். வயிறு அமைதியாக இருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும். இன்னொரு முறை அழுத்தினாள்.

டக். வெடுக்.

தட்டில் விழுந்த வெள்ளை வட்டத்தை இடுக்கியால் எடுத்தாள். மிளகளவுதான் இருந்தது. திருப்பினாள்.

ஈரம். சிவப்பு.

"அக்கா..." வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். வராந்தாவில் ஆள் அரவம் இல்லை.

காலையிலிருந்து எத்தனை முறை அழுத்தியிருப்பாள்? ஒவ்வொரு குழந்தையின் அட்டைக்கு அப்புறமும். ஒவ்வொரு முறையும் வயிற்றுக் குழந்தை உதைத்தது. சுறுசுறுப்பான பிள்ளை என்று அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டாளே!

தாளைப் பிடுங்கி எறிந்தாள். பிளக்கை இழுத்தாள். விளக்கு அணைந்தது. கருவி செத்துக் கிடந்தது.

டக்.

அவள் தொடவில்லை.

இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மா இருக்கேன். அம்மா தொடமாட்டேன்."

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. விலாவுக்குச் சற்றுத் தள்ளி, தோலை முட்டிக்கொண்டு, சின்னதாக ஒரு குதிகால். அது அவளுடைய கையைத் தேடி வந்து அங்கேயே நின்றது. விரலால் தடவிக் கொடுத்தாள்.

குதிகாலின் நடுவில் ஒரு பள்ளம்.

வட்டமாக. மிளகளவு. விளிம்பு கூராக.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குதிகால் முழுக்க.

டக்.

விரலுக்கு நேர் அடியில், புதிதாக ஒன்று விழுந்தது.